உள்ளுறை கழன்று வராத மிட்டன் எனக்கு வேண்டாம்

என் விரல்கள் குளிர் தாங்காத ரகம். கொஞ்சம் சில்லிட்டாலே நுனிகள் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அப்புறம் நீலம் பாரிக்கும். சூடு ஏறத் தொடங்கியதும் சிவந்துபோய் விண்விண்ணென்று தெறிக்கும். மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் இதை விவரித்துவைத்ததால் அவர் பெயரைச் சொல்லியே இன்றும் அழைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லாத தொந்தரவுதான். ஆனால் அதைச் சாக்காக வைத்துக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்துகிடக்க எனக்கு மனசில்லை. பனியில் நடப்பேன், வாசலில் விழுந்த பனியை வாருவேன், எல்லாவற்றுக்கும் மேலாகப் பறவை பார்க்கப் போவேன். அந்தக் கடைசி வேலைதான் கைக்கு எமன். நடந்தால் உடம்பு தானாகச் சூடாகும். பைனாகுலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் கைக்கு வரவேண்டிய ரத்தம் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடும்.

அதனால் மிட்டன் விஷயத்தில், அதாவது கட்டைவிரலுக்குத் தனியாகவும் மற்ற நான்கு விரலுக்கும் ஒரே பையாகவும் வரும் குளிர்க் கையுறை விஷயத்தில், நான் கறார். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் ஜோடியைக் கடுங்குளிர், ஈரப்பனி, மழையும் பனியும் கலந்து கொட்டும் நாள் என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. கம்பெனிப் பெயர் போடப்போவதில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இதே அமைப்பில் பலர் செய்கிறார்கள், அமைப்பைப் பார்த்து வாங்கினால் போதும் என்பது இன்னொன்று.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளியே கெட்டியான நைலான். உள்ளங்கையிலும் கட்டைவிரலிலும் ஆட்டுத்தோல். அதற்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், தண்ணீர் புகாத ஒரு படலம். இதெல்லாம் சேர்ந்தது மேலுறை. அதற்குள் செயற்கைப் பஞ்சு அடைத்த உள்ளுறை, மணிக்கட்டுப் பக்கம் வெல்க்ரோவால் ஒட்டியிருக்கும். பிடித்து இழுத்தால் முழுசாகக் கழன்று வந்துவிடும். மேலுறையின் வாய் முன்கையில் பாதி வரை ஏறும், நுனியில் இறுக்கிக்கொள்ள ஒரு கயிறு. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள எலாஸ்டிக் வளையம். கட்டைவிரலின் முதுகில் மெத்தென்ற துணி ஒட்டு. அது மூக்கு துடைக்கத்தான். விளம்பரத்தில் இதை நாசூக்காகச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரம் குளிர்காற்றில் நின்ற எவருக்கும் அதன் அருமை புரியும்.

ஐந்து விரல் பிரிந்த கையுறையே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. விரல் ஒல்லியானது. அதன் பருமனுக்குச் சுற்றுப்பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் ஓடிவிடும். தனித்தனியாகப் பிரித்துவைத்தால் நான்கு பக்கமும் இழக்கும். மிட்டனுக்குள் நான்கும் ஒட்டிக்கிடப்பதால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகிறது. வெளியே தெரியும் பரப்பும் குறைவு. ஒரே தடிமன் பஞ்சு வைத்த கையுறையையும் மிட்டனையும் கைக்கொன்றாக மாட்டிக்கொண்டு நின்று பாருங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது. இரண்டுக்கும் நடுவே மூன்று பிரிவாக வருகிற நண்டுக்கை மாதிரியும் இருக்கிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பிரேக் பிடிக்க அது வசதி. எனக்கு அந்தத் தனியாகப் பிரிந்த ஆள்காட்டிவிரல்தான் முதலில் வெளுக்கும், ஆகவே ஒத்துவரவில்லை.

சரி, தண்ணீர். மிட்டனோடு வரும் சீட்டில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தால் தூறல் தாங்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான். 'வாட்டர்புரூஃப்' என்றால் உள்ளே படலம் இருக்க வேண்டும். இந்தப் படலங்களில் பெயர்பெற்றது கோர்டெக்ஸ். 1969இல் பாப் கோர் என்பவர் சூடாக்கிய பி.டி.எஃப்.இ. தண்டு ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். உடையும் என்று நினைத்த பொருள் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த ஒன்றாக மாறியது. ஒட்டாத வாணலியில் பூசுகிறார்களே, அதே பொருள்தான். அந்தத் துளை வழியாக நீர்த்துளி போகாது, வியர்வையின் ஆவி போகும். மற்ற கம்பெனிகளும் தங்கள் தங்கள் பெயரில் படலங்கள் வைத்திருக்கின்றன. என் ஜோடியில் இருப்பது அப்படிப்பட்ட ஒன்று, கோர்டெக்ஸ் அல்ல. வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

அதற்கு நான் செய்த சோதனை எளியது. கையில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிக்கொண்டு, மேலுறையை மட்டும் மாட்டி, மணிக்கட்டு வரை வாளித் தண்ணீரில் வைத்தேன். சும்மா வைத்தால் போதாது. தையல்கள் விரியும்படி விரல்களை மடக்கி நீட்டி, முஷ்டி பிடித்து, எதையோ பிசைவது மாதிரி செய்துகொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போனார். அரை மணி நேரம் கழித்துக் கையை எடுத்தபோது காகிதம் கசங்கியிருந்ததே தவிர நனையவில்லை. இதே சோதனையில் என் பழைய ஜோடி தோற்றது. ஒழுகிய இடம் கட்டைவிரலும் உள்ளங்கையும் சேரும் வளைவு. பல தையல்கள் வந்து கூடும் மூலை அது, ஒழுகுவதென்றால் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். கடையில் வாங்கும்போது உள்ளே விரலை விட்டு அந்த மூலையைத் தடவிப் பாருங்கள். கரடுமுரடாக, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால் தைத்தவர் அவசரப்பட்டிருக்கிறார்.

அரை மணி நேரம் என்பது நானாக வைத்த கணக்கு இல்லை. ஐரோப்பாவில் குளிர்த் தடுப்புக் கையுறைகளுக்கு ஈ.என். 511 என்று ஒரு தரநிலை இருக்கிறது. பனித்துகள் படம் ஒன்றின் கீழே மூன்று எண்கள் போட்டிருப்பார்கள். முதல் எண் குளிர்காற்றைத் தடுப்பதற்கு, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போது தாங்குவதற்கு. இரண்டுக்கும் 0 முதல் 4 வரை. மூன்றாவது எண் தண்ணீருக்கு, அது 0 அல்லது 1. முப்பது நிமிடம் ஊடுருவாமல் நின்றால்தான் 1 கிடைக்கும். வேலைக்கான கையுறைகளில்தான் இந்த முத்திரை அதிகம் தென்படும், பனிச்சறுக்கு மிட்டன்களில் அபூர்வம். இருந்தால் சீட்டில் உள்ள 'மைனஸ் 30 வரை' என்கிற வாக்கியத்தைவிட அந்த மூன்று எண்களை நான் நம்புவேன். மைனஸ் 30இல் யார், எவ்வளவு நேரம், நின்றுகொண்டா நடந்துகொண்டா என்று அந்த வாக்கியம் சொல்வதே இல்லையே.

ஆனால் காகிதம் நனையாததை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. வாளியிலிருந்து எடுத்த மேலுறை கனத்துத் தொங்கியது. படலம் உள்ளே இருக்கிறது, அதற்கு வெளியே உள்ள நைலானும் தோலும் தண்ணீரைக் குடித்துவிட்டன. கை நனையவில்லை, ஆனால் சில்லென்று ஆகிவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். ஊறிப்போன துணி கையைச் சுற்றியிருந்தால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வியர்வை ஆவி வெளியேறும் வழியும் அடைபட்டுப்போகும். இதைத் தடுக்கத்தான் வெளித்துணியில் தண்ணீர் உருண்டோடும் ஒரு பூச்சு கொடுக்கிறார்கள். புதிதாக இருக்கும்போது துளிகள் மணிமணியாக நின்று ஓடும். அழுக்கும் எண்ணெயும் ஏறியபின் துளி பரந்து, துணி கறுத்துவிடும். அப்போது மிட்டன் பாழாகிவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம். தோல் இல்லாத மிட்டன் என்றால் லேபிளில் சொன்னபடி துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்தினாலே பூச்சு ஓரளவு உயிர்பெறும். போதாவிட்டால் அதற்கான தெளிப்பான் அடித்துக்கொள்ளலாம். தோல் பகுதிக்குத் தேன்மெழுகு. விரலால் எடுத்துத் தையல்மேல் கூடுதலாகத் தேய்க்க வேண்டும், இந்த வேலையில் சோம்பல் கூடாது.

வெளியிலிருந்து வரும் தண்ணீர் இவ்வளவுதான். கையை அதிகம் படுத்துவது உள்ளிருந்து வரும் தண்ணீர்.

பனி வாரும்போது கை வியர்க்கும். எவ்வளவு நல்ல படலமானாலும் அந்த வேகத்துக்கு ஆவியை வெளியே தள்ள முடியாது. பஞ்சில் ஈரம் தங்கும். மண்வெட்டியை வைத்துவிட்டு நின்ற ஐந்தாவது நிமிடம் அந்த ஈரம் குளிரத் தொடங்கும். மிட்டனைக் கழற்றி மறுபடி மாட்டும்போதுதான் உள்ளுறை தைத்தே வரும் மிட்டன்களின் லட்சணம் தெரியும். ஈரக்கை உள்துணியைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும், துணி பாதி உருவி நிற்கும். திரும்பக் கையை விட்டால் நுனிவரை போகாது. விரலால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினாலும் பழைய இடத்தில் உட்காராது. நடுங்கும் குளிரில், வெளுத்த விரல்களோடு இந்த மல்லுக்கட்டு நடத்தினால் மிட்டனை வீசியெறியத் தோன்றும். கடையில் பார்க்கும்போது இதெல்லாம் தெரியாது, காய்ந்த கை வழுக்கிக்கொண்டு போகும். நான் இப்போது கடையில் செய்வது இதுதான்: கையை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு உள்ளே விட்டு, முஷ்டி பிடித்து, சடாரென்று உருவுவேன். துணி கூடவே வந்தால் அந்த மிட்டனைத் திரும்ப ரேக்கில் வைத்துவிடுவேன். விற்பனையாளர் பார்க்கிற பார்வையைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

கழல்கிற உள்ளுறையிலும் இந்த ஆபத்து உண்டு. என் ஜோடியில் உள்ளுறையின் நுனியில் இரண்டு சிறு நாடாக்கள், மேலுறையின் நுனியில் உள்ள வளையங்களில் முடிந்துவிடலாம். வெல்க்ரோவும் நாடாவும் சேர்ந்து நன்றாகவே பிடித்துக்கொள்கின்றன. இதன் பெரிய லாபம் வீடு திரும்பியபின். உள்ளுறையை உருவி, தலைகீழாகப் புரட்டி, காற்றாடுகிற இடத்தில் தொங்கவிட்டால் காலையில் காய்ந்துவிடும். தைத்த மிட்டன் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், விரல்நுனியில் பஞ்சு இன்னும் சொதசொதவென்று கிடக்கும். அடுத்த நாளும் வெளியே போகிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். எங்கேயாவது கூடாரத்தில் தங்கினால் உள்ளுறையை மட்டும் தூங்குபையில் உடம்போடு வைத்துக்கொள்ளலாம். ஹீட்டர் மேலோ நெருப்புப் பக்கத்திலோ வைக்காதீர்கள். தோல் விறைத்து வெடிக்கும், ஒட்டிய படலம் பிரியும்.

உள்ளே என்ன பஞ்சு என்பது அடுத்தது. இறகுத்தூவி எடைக்கு எடை பார்த்தால் மிகச் சூடானது, மறுக்க முடியாது. நனைந்தால் கட்டிகட்டியாகச் சுருண்டு ஒன்றுக்கும் உதவாது. பிரைமாலாஃப்ட் என்கிற செயற்கைப் பஞ்சு, அமெரிக்க ராணுவம் தூவிக்கு நனைந்தாலும் கைவிடாத மாற்று கேட்டதால் 1980களில் உருவானது. மிட்டன்களுக்கு அந்த வகைதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் கை அடிக்கடி ஈரமாகும் இடம். தின்சுலேட் என்கிற இன்னொரு செயற்கைப் பஞ்சு மெல்லிய இழைகளால் ஆனது. பருமன் குறைவாக வேண்டுமென்றால் நல்லது. என் ஜோடியில் கைமுதுகுப் பக்கம் தடிமனாகவும் உள்ளங்கைப் பக்கம் மெல்லிசாகவும் செயற்கைப் பஞ்சு வைத்திருக்கிறார்கள். பிடிமானத்துக்காக அப்படி. ஆனால் உலோகக் கைத்தடியை நெடுநேரம் பிடித்தால் உள்ளங்கைக் குளிர் மெதுவாகத் தெரியத்தான் செய்கிறது.

தூவி மிட்டன் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. நன்றாக உறைந்த, காய்ந்த குளிரில், அசையாமல் நிற்க அதற்கு ஈடில்லை. வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி ஊசலாடும் நாட்களில் அதை எடுப்பதே இல்லை. பழக்கமில்லாதவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும்: மைனஸ் 15இன் பொடிப்பனியைவிட, பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே கொட்டும் ஈரப்பனிதான் கைக்குக் கொடுமை. பொடிப்பனியைத் தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். ஈரப்பனி உருகி ஊறும். வெறும் ஈரத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் ஷோவா 282 மாதிரியான, உள்ளே கம்பளிபோல் அடர்ந்த இழை வைத்த பாலியூரித்தேன் பூச்சுக் கையுறையைப் பார்க்கலாம். அது மிட்டன் இல்லை, பார்க்கவும் அழகில்லை, ஆனால் மலையேறுகிறவர்களே அதைத் தேடி வாங்குகிறார்கள். பேட்டரி மிட்டன்களை நான் போட்டுப் பார்க்கவில்லை. குளிரில் லித்தியம் பேட்டரியின் தெம்பு குறையும் என்பதும், பேட்டரி தீர்ந்தபின் கையில் இருப்பது கனமான சாதா மிட்டன்தான் என்பதும் என்னைத் தயங்கவைக்கின்றன.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல்கள் தொடங்கும் மூட்டுகளைச் சுற்றி நாடாவால் அளந்து கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். போட்டபின் விரல்நுனிக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் போல இடம் இருக்க வேண்டும். உள்ளே முஷ்டி பிடிக்க முடிய வேண்டும். இறுக்கமாக இருந்தால் பஞ்சு நசுங்கும், சூட்டைப் பிடித்துவைக்கிற காற்று அதில் இருக்காது, ரத்த ஓட்டமும் குறையும். ரொம்பப் பெரிதாக இருந்தால் வெற்றிடத்தைச் சூடாக்கவே கை பாடுபடும். மெல்லிய மெரினோ கம்பளிக் கையுறையை உள்ளே போடுவதாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டே மிட்டனை அளவு பாருங்கள்.

அந்த மெல்லிய கையுறையை நான் சிபாரிசு செய்வேன். மிட்டன் போட்டுக்கொண்டு ஜிப் இழுக்கலாம், கைத்தடி பிடிக்கலாம். கேமராவில் பட்டன் அமுக்குவதோ பைனாகுலர் குவியத்தைத் திருகுவதோ நடக்காது, கழற்றித்தான் ஆக வேண்டும். மைனஸ் 10இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் அடித்தால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 20 போல. அந்தக் கணக்கு வெறும் தோலுக்குத்தான் என்பதால் மெல்லிய கம்பளி ஓர் அடுக்கு இருந்தாலே பெரிய உபகாரம். உறைந்த உலோகத்தை நேரே தொடாமலும் தப்பிக்கலாம். கழற்றிய மிட்டன் மணிக்கட்டு வளையத்தில் தொங்கும், வாய் கீழ்நோக்கி இருப்பதால் பனி உள்ளே விழாது. வளையம் இல்லாமல் ஒரு மிட்டன் காற்றில் பறந்து சரிவில் உருண்டு போவதை நேரில் பார்த்திருக்கிறேன். அதன் சொந்தக்காரர் அன்று மீதி வழியெல்லாம் கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வந்தார்.

இனி குறைகள். தோல் முதலில் விறைப்பாக இருந்தது, ஒரு பொருளைப் பிடிப்பதே கொஞ்ச நாள் பெரும்பாடு. கட்டைவிரல் தனியாக இருப்பதால் அது எப்போதும் மற்ற நான்கைவிட ஒரு படி குளிர்ச்சி. நின்றுபார்க்கும் நாட்களில் கட்டைவிரலை உருவி மற்ற விரல்களோடு உள்ளே மடக்கிக்கொள்வேன், அளவு தாராளமாக இருந்தால்தான் அது முடியும். மேலுறைக் கயிற்றை இறுக்குவது சுலபம், தளர்த்தும் பொத்தான் பொடிசு. மறுகையில் மிட்டன் இருக்கையில் பல்லால்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளுறைகள் இரண்டும் ஒரே கறுப்பு. இருட்டில் இடது வலது தெரியாமல் மாற்றிச் செருகினால் கட்டைவிரல் போகுமிடம் இருக்காது. நான் இடது உள்ளுறையின் ஓரத்தில் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டுவிட்டேன். இதைக் கம்பெனியே செய்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

பனிச்சறுக்கு, சரிவேற்றம் என்று உடம்பு ஓயாமல் உழைக்கிறவர்களுக்கு இது அதிகச் சூடு. என் வீட்டுக்காரர் ஒருமுறை போட்டுக்கொண்டு போய், பாதி வழியில் உள்ளுறையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு வெறும் மேலுறையோடு வந்தார். அப்படிப் போட முடிவதும் கழலும் உள்ளுறையால்தான், ஆனால் அவருக்கு மெல்லிய கையுறையும் தனி மேலுறையும் போதும். மெதுவாக நடப்பவர்கள், நின்று பார்ப்பவர்கள், குழந்தைகளைப் பனியில் விளையாடவிட்டுக் காவலிருப்பவர்கள், என்னைப்போல விரல் வெளுக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது உள்ளுறை தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். விற்றால் அதே அளவில் இன்னொரு ஜோடி எடுத்துவையுங்கள். மதியம் ஈரமானதைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டிக்கொள்ளலாம். வெல்க்ரோவும் நாடாவும் மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே புதியதை மேலுறையில் பொருத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.